மலை ஏறும்போது மட்டும் இழுவை போகிறது, செக் லைட் எரிகிறது: ஈசிஎம் மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேட்டவர் பொள்ளாச்சிக்காரர். 2018 மாடல் டீசல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது ஏழெட்டு வளைவு போனதும் திடீரென்று இழுவை போய்விடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் 2,500-ஐத் தாண்டுவதில்லை, செக் லைட் எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் ஏர் ஃப்ளோ சென்சார் மாற்றினார்கள், அப்புறம் பூஸ்ட் சென்சார், அதாவது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) தருகிற அழுத்தத்தை அளப்பது. இப்போது ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) போய்விட்டது, எழுபதாயிரம் ஆகும் என்கிறார்கள். இது போதாதென்று சில நாட்களாக ஸ்பீடோமீட்டர் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது, பவர் விண்டோ பாதியில் நின்றுவிடுகிறது. ஈசிஎம் போடலாமா, வண்டியை விற்றுவிடலாமா, இதுவரை செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விபோல் இருந்தாலும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: மூன்றாவது தடவையும் பணத்தைக் கட்டி ஏமாறாமல் இருக்க வழி உண்டா?

உண்டு. ஐடிஐ முடித்துவிட்டுப் பதினொரு வருடம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருந்தேன். அதற்கப்புறம் பதினைந்து வருடமாகக் கோவையில் சொந்தப் பட்டறை, பெரும்பாலும் எலக்ட்ரிக்கல் வேலை. வண்டியைப் பார்க்காமல் இன்னதுதான் கோளாறு என்று சொல்ல என்னால் முடியாது. அப்படிச் சொல்கிறவரை நீங்களும் நம்பாதீர்கள். ஆனால் எந்த வரிசையில் தேட வேண்டும், எதை அளந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

முதலில், ஆர்பிஎம் 2,500-க்கு மேல் ஏறாமல் நிற்பது கோளாறு அல்ல. அது ஈசிஎம் தெரிந்தே எடுக்கிற முடிவு. லிம்ப் மோடு என்பார்கள். தான் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று சில நொடிகள் தொடர்ந்து பார்த்துவிட்டால், இன்ஜின் கெட்டுவிடக் கூடாது என்று டீசல் அளவைக் குறைத்து, வீடு போய்ச் சேருகிற அளவுக்கு மட்டும் ஓடவிடும். சாவியை அணைத்துப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், ஏனென்றால் ஈசிஎம் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறதே, அப்போ எலக்ட்ரானிக்ஸ் கோளாறுதானே?" என்று தோன்றும். இல்லை. ரப்பர் ஹோஸில் ஒரு கிழிசல் இருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். அணைத்துப் போட்டதும் ஈசிஎம் பழையதை மறந்துவிடுகிறது. கிழிசல் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மேட்டில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது, ஏன் மலையில் மட்டும்? பொள்ளாச்சி - கோவை சாலையில் 60, 70-ல் போகும்போது இன்ஜினுக்கு டர்போவின் உதவி கொஞ்சம்தான் தேவைப்படும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் நாலு பேரையும் லக்கேஜையும் இழுக்கும்போதுதான் முழு பூஸ்ட் கேட்கும். ஹோஸின் அடிப்பக்கம் இருக்கிற வெடிப்பு அந்த அழுத்தத்தில்தான் வாய் திறக்கும். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அப்படித்தான்: ஐடிலிங்கில் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு கொடுக்கிற குழாயில்) 250, 300 பார் அழுத்தம் இருந்தால் போதும், முழுச் சுமையில் 1,600 பார் வரை கேட்கும். அடைத்த ஃபில்டர் வழியாக அந்த அளவு டீசல் வந்து சேராது. சர்வீஸ் சென்டரில் நிற்கவைத்து நியூட்ரலில் ரேஸ் செய்து "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. சுமை இல்லாமல் ரேஸ் செய்தால் டர்போ வேலையே செய்யாது. இந்தப் புகாரை ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும், அதுவும் மேட்டில்.

கோடு பற்றிச் சொல்லியாக வேண்டும். கோளாறு என்று தோன்றியதும் ஈசிஎம் பதிந்துவைக்கிற குறியீட்டு எண்தான் கோடு. உங்கள் ஜாப் கார்டில் பி0299 என்று இருக்கிறது. அதன் பொருள் "பூஸ்ட் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு" என்பது மட்டுமே. பூஸ்ட் சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. உள்ளபடிக்கு அந்தச் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, அழுத்தம் குறைந்ததைச் சொல்லியிருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள், புதிதும் அதையே சொல்கிறது, அதனால் ஈசிஎம் மீது பழி விழுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது இதுதான். நானும் இதைச் செய்திருக்கிறேன். தனிப்பட்டறை போட்ட புதிதில், இதே கோடு வந்த ஒரு வண்டிக்கு டர்போ ஆக்சுவேட்டர் (டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பாகம்) போய்விட்டது என்று சொல்லி மாற்றவைத்தேன். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். பார்த்தால் ஆக்சுவேட்டருக்குப் போகிற, பேனா ரீஃபில் கனத்துக்கு இருக்கும் வேக்யூம் ஹோஸ், சூட்டில் கெட்டிப்பட்டு, வளைகிற இடத்தில் வெடித்திருந்தது. நாற்பது ரூபாய்ப் பொருள். ஆக்சுவேட்டர் பணத்தை இரண்டு தவணையில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கோடைப் பார்த்துப் பொருள் வாங்குவதை விட்டுவிட்டேன்.

சரி, பூஸ்ட் சென்சார் சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை நீங்களே செய்யலாம். நம் நாட்டில் 2013-லிருந்து வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் (கோளாறைப் படிக்கிற கருவியை மாட்டும் இடம்) இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் அடாப்டர் ஒன்றை மாட்டி மொபைலில் ஆப் போட்டால் சென்சார் ரீடிங் தெரியும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மேனிஃபோல்டு அழுத்தம் என்ற ரீடிங்கைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அந்தச் சென்சாருக்குத் தெரிவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். பொள்ளாச்சியில் 98 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிற வால்பாறையில் நிறுத்திப் பார்த்தால் 89-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். இப்படி உயரத்துக்கு ஏற்ப மாறிக் காட்டுகிற சென்சாரைக் குற்றம் சொல்ல அதிகம் இடமில்லை. மாறாக, 60 என்றோ 130 என்றோ காட்டினால் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம்.

அப்புறம் மேட்டில் ஓட்டிப் பார்ப்பது. நீங்கள் ஓட்டுங்கள், மொபைலைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம், அது மலைப்பாதை. முழுச் சுமையில் மிதிக்கும்போது இந்த ரீடிங் 200 கிலோபாஸ்கலைத் தாண்டுவதுதான் இன்றைய டர்போ டீசல்களில் வழக்கம். 130, 140-லேயே தவழ்ந்துகொண்டிருந்து, அப்படியே லைட் எரிந்தால், காற்று எங்கோ ஒழுகுகிறது அல்லது டர்போ முழுதாகச் சுற்றவில்லை. அழுத்தம் நன்றாக ஏறிய பிறகும் இழுவை போனால், காற்றை விட்டுவிட்டு டீசல் பக்கம் போங்கள்: ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள், ஃபில்டரைப் பாருங்கள், ஃபில்டர் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று வடித்துப் பாருங்கள். மலிவான அடாப்டரின் எல்லை இவ்வளவுதான். ஈசிஎம் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று இரண்டையும் ஒரே திரையில் காட்ட, பல வண்டிகளுக்குக் கம்பெனி ஸ்கேனரோ நல்ல பட்டறை ஸ்கேனரோதான் வேண்டும்.

காற்று ஒழுகல் என்று சந்தேகம் வந்தால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (சூடான காற்றைக் குளிர்விக்கிற ரேடியேட்டர் மாதிரி பாகம்) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற பெரிய ஹோஸ்களைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவ வேண்டும். டர்போ வழியாக வருகிற காற்றில் கொஞ்சம் ஆயில் ஆவி கலந்திருக்கும். ஒழுகுகிற இடத்தில் அது கசிந்து, மேலே தூசி படிந்து, கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். பெரும்பாலும் கிளாம்புக்கு அடியில், தரையைப் பார்த்த பக்கம். மேலிருந்து டார்ச் அடித்தால் புதுசு மாதிரி தெரிகிற ஹோஸ், கீழே இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் பட்டறை என்றால் பத்து நிமிடத்தில் புகை எங்கே வருகிறது என்று காட்டிவிடுவார்கள். வேக்யூம் ஆக்சுவேட்டர் இருக்கிற டர்போ என்றால் கைப் பம்பு போட்டு இழுத்து, ராடு சீராக நகர்கிறதா, இழுத்த வேக்யூம் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ராடு திக்கித் திக்கி நகர்ந்தால் டர்போவுக்குள் கரி பிடித்திருக்கலாம். ஈஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் ஏறக்குறைய இதே அறிகுறிதான் வரும், அப்போது கரும்புகையும் சேர்ந்து வரும். உங்கள் வண்டியில் புகை இல்லை என்று எழுதியிருப்பதால் அதைப் பட்டியலில் கீழே வைக்கிறேன், அடித்துவிடவில்லை.

இனி அந்த ஸ்பீடோமீட்டர் முள், பவர் விண்டோ சமாச்சாரம். இழுவை போவதும் இதுவும் ஒரே நோயா, இரண்டா? இங்கே எனக்கு உறுதி இல்லை. இரண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சாமான் ஒரே சமயத்தில் கோளாறு செய்தால், நாலும் ஒன்றாகக் கெட்டிருக்க முடியாது. நாலுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும். பொதுவானது பெரும்பாலும் மூன்றுதான்: பேட்டரி, எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற இணைப்பு), எல்லாச் சாமானும் பேசிக்கொள்கிற கேன் லைன். இதில் முதல் இரண்டையும் பார்க்க ஐநூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். எழுபதாயிரத்துக்கு முன்னால் ஐநூறைச் செலவழித்துப் பாருங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகிறதே என்று சமாதானம் அடையாதீர்கள். செல்ஃப் மோட்டார் சுற்றிவிடும், ஈசிஎம்மும் மற்ற யூனிட்டுகளும் அந்த நொடியில் மயங்கி எழும். இல்லாத கோடெல்லாம் பதிவாகும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். புது மாடல்களில் ஆல்டர்னேட்டரை ஈசிஎம்மே ஏற்றி இறக்குவதால் சில சமயம் இதைவிடக் குறைவாகவும் காட்டும், அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது.

எர்த்தைச் சோதிக்கும்போதுதான் நிறைய பேர் தவறுகிறார்கள், மெக்கானிக்குகளும் சேர்த்து. மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டு, பீப் சத்தம் வந்தால் "எர்த் ஓகே" என்பார்கள். முப்பது இழை இருக்கிற எர்த் கேபிளில் இருபத்தொன்பது அறுந்து ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அந்த பீப் வரும். மீட்டர் அனுப்புவது துளி கரண்ட். செல்ஃப் அடிக்கும்போது போவது 200 ஆம்பியரைத் தாண்டும். எங்கோ 0.02 ஓம் தடை கூடினாலே அந்த நேரத்தில் 4 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 0.02 ஓமைச் சாதாரண மீட்டரால் காட்டவே முடியாது, அதன் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை. அதனால் ஓம்ஸில் பார்க்காதீர்கள், வோல்ட்டில் பாருங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் துருவத்தின் மேல் வையுங்கள். கிளாம்பின் மேல் அல்ல, ஈயத் துருவத்தின் மேலேயே. மறுமுனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தக் கேபிளையோ அதன் போல்ட்டையோ பார்த்தாக வேண்டும். அதேபோல் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

போன வருடம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் கார் வந்தது. இண்டிகேட்டர் போட்டால் டீசல் முள் ஆடும், பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் வார்னிங் லைட் எரியும். வேறொரு இடத்தில் மீட்டர் கிளஸ்டரையே மாற்றியிருந்தார்கள், சரியாகவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தீபாவளிக்கு முன்னாடி முன்பக்கம் இடிச்சு டிங்கரிங் பண்ணினோம், அதுக்கப்புறம்தான்" என்றார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் ஒரு எர்த் போல்ட் இருக்கும். பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். திருகு மரையில் மட்டும் கொஞ்சம் தொடர்பு இருந்தது, மழைக்கு அதுவும் பச்சை பூத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பான தகடு தெரிந்ததும் போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். முள் ஆடுவது நின்றுவிட்டது. அதனால்தான் யார் வந்தாலும் முதலில் கேட்பது: கோளாறு தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வண்டியில் யார் கை வைத்தார்கள்? டிங்கரிங், மியூசிக் சிஸ்டம், எல்இடி லைட், ஜிபிஎஸ், பேட்டரி மாற்றியது, இன்ஜினுக்கு வாட்டர் சர்வீஸ் அடித்தது எதுவானாலும் சொல்லுங்கள். உங்கள் கேள்வியில் போன ஜூனில் ரிவர்ஸ் கேமராவும் டச் ஸ்கிரீனும் போட்டதாக ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. நானாக இருந்தால் அங்கேதான் முதலில் டேஷ்போர்டைக் கழற்றுவேன். ஒயரை நடுவில் தோலுரித்து, இன்னொரு ஒயரை முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். இந்த ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி, ஆறு மாதத்தில் டேப் தானாகவே கழன்று தொங்கும்.

கேன் லைன் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், மீட்டர் எல்லாம் அதன் வழியாகத்தான் செய்தி பரிமாறுகின்றன. பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட முறை, இன்றுவரை அதுதான் ஓடுகிறது. ஸ்பீடு முள் விழுவதற்கு இந்த லைனில் வருகிற தடங்கலும் காரணமாக இருக்கலாம், ஏனென்றால் பல வண்டிகளில் வேகம் மீட்டருக்கு ஏபிஎஸ் யூனிட்டிலிருந்து இந்த வழியில்தான் வருகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6-ம் 14-ம் பின்னுக்கு நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் வருகிற கணக்கு அது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் லைனுக்கும் நடுவில் கேட்வே யூனிட் இருக்கும், அங்கே இந்த அளவு பொருந்தாது. அதனால் இதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். யு என்று தொடங்கும் கோடுகள் வருகின்றனவா என்று கேட்டாலே போதும், அவை செய்தித் தொடர்பு அறுந்ததைச் சொல்பவை.

எலி. பொள்ளாச்சியில் தோப்புக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் இதைப் படித்ததும் தலையாட்டுவார்கள். ஒயரின் இன்சுலேஷனில் சோயா சேர்ப்பதால்தான் எலி கடிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. சாதாரண பிவிசி ஒயரையும் அது விடாததைப் பார்த்த பிறகு எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எலியின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். புகையிலையைத் துணியில் கட்டிப் போடுவதும் சிலருக்குப் பலிக்கிறது, சிலர் வண்டியில் எலி புகையிலைக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்துகிறது. பானெட்டைத் திறந்து, பேட்டரி ட்ரேக்கு அடியிலும் இன்ஜின் கவருக்குக் கீழேயும் தேங்காய் நாரோ புழுக்கையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் போகிற ஒயரிங்கை ஒரு சாண் விடாமல் தடவிப் பாருங்கள். ஒரு விஷயம்: பல சென்சார்களுக்கு ஈசிஎம் 5 வோல்ட்டை ஒரே லைனில் பகிர்ந்து கொடுக்கும். அதில் ஒரு ஒயர் பாடியில் உரசினால் அந்த லைன் முழுக்கச் சுருண்டு, சம்பந்தமில்லாத மூன்று சென்சாருக்கும் கோடு வரும். சென்சார் கப்ளர்களை (ஒயர் மாட்டுகிற இணைப்புகளை) ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு.

ஈசிஎம் கெடவே கெடாதா? கெடும். பேட்டரியை பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால், ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது கேபிள் மாறினால், பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் அடித்தால், வெள்ளத்தில் மூழ்கினால் கெடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து வந்த வண்டிகளில், காய்ந்து ஓட ஆரம்பித்து ஆறேழு மாதம் கழித்து ஈசிஎம் கப்ளரின் பின் அரித்துப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் வண்டிக்கு இது எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. மேட்டில் மட்டும் தவறி, சமதளத்தில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிற ஈசிஎம்மை நான் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஆகவே "ஈசிஎம் போய்விட்டது" என்று சொன்னவர்களிடம் கோபப்படாமல் இரண்டே கேள்வி கேளுங்கள். ஈசிஎம் கப்ளரில் வருகிற பவரையும் எர்த்தையும் 21 வாட் பல்பு ஒன்றைச் சுமையாகக் கொடுத்து அளந்தீர்களா? கோடு பதிவான நொடியின் ஃப்ரீஸ் ஃப்ரேம் எங்கே? அந்த ஃப்ரீஸ் ஃப்ரேமில் அப்போதைய ஆர்பிஎம், வேகம், சுமை, கூலன்ட் சூடு எல்லாம் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். வழியில் யாராவது "டெர்மினலைக் கழற்றி மாட்டுங்க, சரியாயிடும்" என்றால் செய்யாதீர்கள், பல வண்டிகளில் அப்போதும் அழிந்துவிடும். பழைய ஈசிஎம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கவும் வேண்டாம். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) கோடிங் பொருந்தாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

இதைப் படிக்கிற மற்றவர்கள் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வைத்திருந்தால் கதை வேறு. அதில் டிபிஎஃப் (புகையில் இருக்கிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருக்கிறது, அதில் சேர்கிற கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்தால்தான் வழி திறக்கும். தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அந்தச் சூடு வராது, கரி நிறைந்து லிம்ப் மோடுக்குப் போகும். ஆரம்பத்திலேயே டிபிஎஃப் லைட் வந்தால் பைபாஸில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். பெட்ரோல் வண்டியில் செக் லைட் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் என்று பொருள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதோடு மலை ஏறாதீர்கள்.

பணம் பற்றி. நான் வக்கீல் இல்லை, வழக்கு நிற்குமா என்று சொல்லத் தெரியாது. சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். சர்வீஸில் குறைபாடும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யலாம். இரண்டுக்கும் காகிதம் வேண்டும். ஒவ்வொரு ஜாப் கார்டிலும் "மேடு ஏறும்போது இழுவை போகிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள், "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். மாற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பழைய பூஸ்ட் சென்சாரை மறுபடி மாட்டி 98 காட்டினால், அது நல்ல பொருளாக இருந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி. உங்கள் மாடலுக்கு ரீகால் ஏதாவது உண்டா என்று சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டும் பாருங்கள், இருந்தால் அந்த வேலை இலவசம். வண்டியை விற்பதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். கோளாறு எதுவென்று தெரியாத வண்டிக்கு வியாபாரி தருகிற விலையில் இரண்டு ஈசிஎம் கழிந்திருக்கும்.

மலையில் மறுபடி லைட் எரிந்தால் பதறி, ஓடுகிற வண்டியில் சாவியை அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மிதிக்கு மேல் தாங்காது. ஹசார்டு லைட் போட்டு, அதே கியரில் ஊர்ந்து, அகலமான இடத்தில் நிறுத்துங்கள். வால்பாறைப் பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ பக்கம் நிறுத்த இடம் இருக்கிறது. அங்கே நின்றதும், அணைப்பதற்கு முன்னால், ஆப்பில் ஃப்ரீஸ் ஃப்ரேம் திரையைப் போட்டோ எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலுக்கு முன் பேட்டரி, எர்த் இரண்டையும் அளந்துவிடுங்கள். ஹோஸ்களுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், பழைய பழுப்புத் துணி ஒன்று கையில் இருக்கட்டும். சாவி ஆன் செய்து வருகிற கிலோபாஸ்கல் எண், செல்ஃப் அடிக்கும்போது வந்த இரண்டு வோல்ட் எண்கள், அந்தப் போட்டோ, இவ்வளவையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஈசிஎம்முக்கு அட்வான்ஸ் கேட்டால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி வையுங்கள்.